1910 மாடல்னு சொல்றாங்க, நம்பி வாங்கலாமா? பழைய பெட்ரோல் எஞ்சின் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே, நான் மடிப்பாக்கம். புதுப்பேட்டையில ஒரு பழைய சாமான் கடையில லிஸ்டர் பெட்ரோல் எஞ்சின் ஒண்ணு பாத்தேன், ஒத்த சிலிண்டர், கனமான ஃப்ளைவீல், மேல தண்ணி ஊத்துற தொட்டி. எங்க தாத்தா ஊர்ல கெணத்துக்கு இதே மாதிரி ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு, அதனால மனசு விடமாட்டேங்குது. கடைக்காரர் 1910 மாடல், நூறு வருஷம் தாண்டுன ஆன்டிக்னு சொல்லி 60,000 ரூபா கேக்குறாரு. பித்தளை தகட்டுல டைப் டி, 1½ ஹெச்.பி., 700 ஆர்.பி.எம்., ஒரு நம்பர், அவ்வளவுதான், வருஷம் எங்கயும் இல்ல. என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, நீ எழுதுனதுலயே பாதி பதில் இருக்கு. லிஸ்டர் டைப் டி எஞ்சினை இங்கிலாந்துல டர்ஸ்லிங்கிற ஊர்ல 1926லதான் போட ஆரம்பிச்சாங்க, 1960கள் நடுவுல வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்போ அது 1910 ஆக வாய்ப்பே இல்ல, 1930 ஆகவும் இருக்கலாம் 1955 ஆகவும் இருக்கலாம். இது அபூர்வ சாமானும் இல்ல, லட்சக்கணக்குல வந்த எஞ்சின், அதனாலதான் உங்க தாத்தா கெணத்துலயும் அதே மாதிரி ஒண்ணு ஓடியிருக்கு. வருஷத்தை சொல்றது அந்த நம்பர்தான். எந்த நம்பர் எந்த வருஷம்னு இந்த எஞ்சின்லயே ஊறிப்போன ஆர்வலர்கள் பட்டியல் வச்சிருக்காங்க, தகட்டை தெளிவா போட்டோ எடுத்து கேட்டா சொல்லிடுவாங்க.

ஆனா தகட்டை மட்டும் நம்பிடாத. புதுசா அச்சடிச்ச தகடு விலைக்கே கிடைக்குது. ரிவெட் தலையை கிட்டப்போய் பாரு. பழைய ரிவெட்னா தலையை சுத்தி அழுக்கும் பெயிண்டும் சேந்து கருப்பா ஒரு வளையம் இருக்கும், தகட்டோட ஓரமும் பெயிண்டுக்குள்ள புதைஞ்சிருக்கும். தகட்டுக்கு கீழ பளிச்னு இரும்பு தெரிஞ்சாலோ, ரிவெட்டுக்கு பதிலா புது ஸ்க்ரூ இருந்தாலோ அந்த தகடு அங்க பொறந்தது இல்ல. சில கம்பெனிங்க கிராங்க் (எஞ்சின்ல சுத்துற தண்டு) முனையிலயும் அதே நம்பரை குத்தியிருப்பாங்க, துணியில கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு தொடச்சு பாரு. மேக்னெட்டோவை (பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்குற கருவி) வச்சு வருஷம் சொல்றவங்க பேச்சை கேக்காத, எழுபது வருஷத்துல அதை எத்தனை பேர் மாத்தியிருப்பாங்களோ. தகட்டுல பேடன்ட் தேதிங்க இருந்தா (அமெரிக்க எஞ்சின்கள்ல நிறைய பாக்கலாம்) கடைசி தேதிக்கு முன்னாடி அந்த எஞ்சின் வந்திருக்க முடியாது, ஆனா அதுவேதான் வருஷம்னும் எடுத்துக்கக்கூடாது.

விலை என்னைக் கேட்டா, வருஷத்துக்கு காசு குடுக்காத, சுத்துறதுக்கு குடு. ஃப்ளைவீலை கையால மெதுவா சுத்து, ஒரு எடத்துல கெட்டியா தடுத்து அப்புறம் விடணும், அதுதான் கம்ப்ரஷன். தடுக்கவே இல்லைன்னா வால்வோ பிஸ்டன் ரிங்ஸோ போயிருக்குன்னு அர்த்தம். பிளக்கை கழட்டி பாடியில சாத்தி வச்சு சுத்து, நீலமா ஸ்பார்க் வந்தா பெரிய செலவு ஒண்ணு மிச்சம், மேக்னெட்டோ காயில் திரும்ப சுத்துற ஆளு இப்போ ரொம்ப குறைஞ்சுட்டாங்க. தொட்டியில தண்ணி ஊத்தி, ஒழுகுதான்னு பாக்க ஒரு ராத்திரி விடச்சொல்லு. குளிர் நாட்டுலேந்து வந்த எஞ்சின்ல தண்ணி உறைஞ்சு தொட்டி வெடிச்சிருக்கும், நம்ம ஊர்ல அந்த பயம் இல்ல, ஆனா கடல் காத்தும் உப்புத் தண்ணியும் உள்ளுக்குள்ளயே அரிச்சிருக்கும். கடைக்காரர் ஒரு ராத்திரி விட ஒத்துக்கலைன்னா அதுவே ஒரு பதில்தான்.

கேள்வி: வாங்கியாச்சு அண்ணே, நல்லா பேசி குறைச்சேன். ஆனா பிஸ்டன் ஜாம், ஃப்ளைவீல் அசையவே இல்ல. லேத்துக்காரர் சுத்தியல்ல நாலு போடு போட்டா வந்துரும்ங்கிறாரு.

பதில்: வேணாம் தம்பி, கெஞ்சி கேக்குறேன். பாதி ஏ.டி.எஃப். ஆயிலு (அதான் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) பாதி அசிட்டோன் கலந்து பிளக் ஓட்டை வழியா ஊத்தி ஒரு வாரம் பத்து நாள் விடு, தினமும் கொஞ்சம் சேர்த்துக்கிட்டே இரு, பக்கத்துல நெருப்பு கூடாது. அப்புறம் ஃப்ளைவீலை முன்னாடி பின்னாடி மெதுவா ஆட்டு, நூலளவு அசைஞ்சாலும் போதும், வழி கிடைச்சிடும். தட்டியே ஆகணும்னா பிஸ்டன் மேல கட்டையை வச்சு தட்டு. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். என்னோட எஞ்சின் ஒண்ணை ஒரு பட்டறையில குடுத்தேன், ஃப்ளைவீல் சாவியை (சக்கரத்தை தண்டோட பூட்டுற இரும்பு ஆப்பு) எடுக்க சுத்தியலை போட்டு ஓரத்துல கீறல் விட்டுட்டாங்க. சுத்துற வேகத்துல அந்த சக்கரம் சிதறினா ஆளை கொன்னுடும், அதை இன்னிக்கு வரைக்கும் ஓட்டவே இல்ல, நெனச்சா வயிறு எரியுது.

இன்னொண்ணு, இங்கிலீஷ் எஞ்சின்னா போல்ட் எல்லாம் விட்வொர்த் திரெட்டு, அதாவது பழைய இங்கிலீஷ் அளவு. அதோட திரெட் கோணம் 55 டிகிரி, நம்ம மெட்ரிக் போல்ட் 60. ரெண்டு சுத்து ஏறுற மாதிரி இருக்கும், இறுக்குனா பழைய திரெட்டே போயிடும். பழைய போல்ட்டை கையில எடுத்துட்டு போய் பிராட்வே ஹார்டுவேர் கடைகள்ல கேளு, கிடைக்கலைன்னா லேத்துல போட்டு வாங்கு.

கேள்வி: பங்க் பெட்ரோலே ஊத்தலாமா? பில்லு வெறும் துண்டு சீட்டுதான் குடுத்தாரு.

பதில்: ஊத்தலாம், ஆனா டேங்க்ல விட்டு வைக்காத. இப்போ வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது தண்ணியை இழுக்கும், பழைய கார்க் மிதவை மேல பூசுன அரக்கையும் கரைச்சிடும். ஓட்டி முடிச்சதும் டேங்க், கார்பரேட்டர் ரெண்டையும் காலி பண்ணிடு. ஸ்டார்ட் பண்றப்போ ஹேண்டிலை கட்டைவிரலால சுத்தி பிடிக்காத, நாலு விரலோட ஒரே பக்கம் வச்சுக்கோ, எஞ்சின் திருப்பி அடிச்சா கை தப்பிக்கும்.

பில்லை விடாத, நாளைக்கே திரும்ப போ. "லிஸ்டர் டைப் டி, நம்பர் இன்னது, 1910னு சொல்லி விக்கப்பட்டது"னு கையெழுத்தோட எழுதி வாங்கு. அவர் 1910ங்கிறதை எழுத மறுத்தா அந்த வார்த்தைக்கு வாங்குன காசை குறைக்கச் சொல்லு. கடைக்காரர் வியாபாரமா விக்கிறவரு, நீ சொந்தத்துக்கு வாங்குனவன், பொய் சொல்லி வித்ததுக்கு 2019 நுகர்வோர் சட்டத்துல வழி இருக்கு. முதல்ல 1915ங்கிற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர்ல பேசு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போறதுன்னா ரெண்டு வருஷத்துக்குள்ள போயிடணும்.