மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் குன்றும் ஆற்றுப் பள்ளத்தாக்குமாக நடந்து போகத்தக்க வழிகள் உண்டா?

உண்டு. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வடிவில் இல்லை.

இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் வார இறுதிதோறும் ஆற்றோரமாக நடப்பதாகவும், அடுத்த ஆண்டு ஊருக்கு வரும்போது பிள்ளைகளை அப்படி ஒரு வழியில் கூட்டிச் செல்ல விரும்புவதாகவும், "ஆனால் நமது பக்கத்தில் கடலும் வாவியும் வயலும் தவிர வேறென்ன இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகவே இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே நாட்டை விட்டுப் போனவராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போவதே ஒரு துணிச்சலாக இருந்த காலத்தில் வளர்ந்தவருக்கு மேற்கே மலை இருப்பது தெரியாமற் போனதில் வியப்பில்லை. ஆகவே இதைக் குறையாகச் சொல்லவில்லை.

நீங்கள் நடக்கும் நாட்டில் நானும் ஒருநாள் நடந்திருக்கிறேன். 2018 இல் லீட்ஸில் இருக்கும் மகளிடம் போயிருந்தபோது, இல்க்லியிலிருந்து போல்ற்றன் அபே வரை வார்ஃப் ஆற்றின் கரையோரமாக என்னை நடக்க வைத்தாள். டேல்ஸ் வே என்ற 130 கிலோமீற்றர் நெடும்பாதையின் தொடக்கத் துண்டு அது. ஆறு அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னைத் தடுத்து நிறுத்தியது ஒரு விவசாயியின் வேலியில் அறைந்திருந்த மஞ்சள் அம்புக்குறி. தனியார் நிலம், உள்ளே செம்மறிகள் மேய்கின்றன, ஆயினும் அதன் நடுவே எவரும் நடந்து போகலாம், வேலியைத் தாண்டுவதற்குப் படியும் வைத்திருக்கிறார்கள். ஒரு வழியைப் பொதுமக்கள் தடையின்றி இருபது ஆண்டுகள் பயன்படுத்தி வந்தால் அது பொதுவழி என்று கோருவதற்கு அங்கே சட்டத்தில் இடமுண்டு என்று மகள் விளக்கினாள். அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன், கேள்விக்கு வெளியே போவதாகத் தோன்றினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, ஊடாகத் துறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. என் தகப்பனார் விதைப்புக்கும் அறுவடைக்கும் அதில்தான் நடந்தார். நானும் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் நடந்தேன். ஏறத்தாழ அறுபது ஆண்டு நடையை ஒருவர் ஒரே நாளில் முட்கம்பி இழுத்து மறித்துவிட்டார். உரிய அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுத்து மூலம் முறையிட்டேன். "அது வரைபடத்தில் இல்லை" என்பதே கிடைத்த பதில். இப்போது வீதியால் சுற்றிப் போகிறோம். எங்கள் பக்கத்தில் நடைவழியே இல்லை என்று யாராவது எழுதினால் எனக்கு ஏன் சுருக்கென்று படுகிறது என்பது இப்போது விளங்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிழக்கில் இன்றும் ஆயிரக்கணக்கானோர் நடக்கும் நெடுவழி ஒன்றே ஒன்றுதான்: கதிர்காமத்துக்கான பாத யாத்திரை வழி. யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதி முருகன் கோயிலிலிருந்து புறப்படுவோர் கடலோரமாகத் திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று வந்து, பாணமைக்கு அப்பால் உகந்தை மலை முருகனிடம் சேர்வார்கள். வீதி அங்கே முடிகிறது, காடு தொடங்குகிறது. உகந்தைக்கு அப்பால் தரிப்பிடங்களின் பெயர்களைக் கேளுங்கள்: வண்ணாத்திக் கிணற்றடி, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம், பிறகு மாணிக்க கங்கைக் கரையில் கதிர்காமம். ஒரு கிணறு, ஒரு மரம், இரண்டு ஆறுகள். இங்கிலாந்துப் பாதை காட்சியிலிருந்து காட்சிக்குப் போகிறது. எங்கள் பாதை தண்ணீரிலிருந்து தண்ணீருக்குப் போகிறது. ஆடிக்கு முன்பின்னாகக் கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில் நடக்கும் நடை என்பதால், வழி வளைவதும் நேராவதும் அடுத்த நீர் எங்கே என்பதைப் பொறுத்தே அமைந்திருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை, முட்டாள்தனம் செய்து அறிந்துகொண்டேன்.

2014 இல் மைத்துனருடன் உகந்தையிலிருந்து காட்டுக்குள் இறங்கினேன். கொழும்பில் நல்ல விலை கொடுத்து வாங்கிய நடைச் சப்பாத்து, முதுகுப்பை, எட்டு லீற்றர் தண்ணீர். எங்களுடன் தம்பிலுவிலைச் சேர்ந்த ஆச்சி ஒருவர் சேர்ந்துகொண்டார். வெறுங்கால், தலையில் ஒரு துணி மூட்டை, இடுப்பில் செருகிய ஒரு சிரட்டை. ஏழாவது முறை நடக்கிறாராம். காட்டுக்குள் எல்லாரும் எல்லாரையும் "சாமி" என்றே அழைப்பார்கள், ஆனால் அவர் என்னை முதல் நாளே "மனே" (மகனே) ஆக்கிவிட்டார்.

குமுக்கன் ஆறு வரை எனக்குக் கதை பேசவும் மூச்சு இருந்தது. கரையோரத்து மருத மரங்களின் நிழலில் குளித்து உண்டு உறங்கியது இன்றும் மறக்கவில்லை. அதைத் தாண்டியதும் மணலும் முட்பற்றையும் வெட்டையும் மாறி மாறி வந்தன. இரண்டாம் நாள் வலது சப்பாத்தின் அடிப்பகுதி சூட்டில் பசை விட்டு, நாய் நாக்குப் போலத் தொங்கியது. வியாழையில் தோள் வலி தாங்காமல், அடுத்த தரிப்பிடத்தில் தண்ணீர்த் தாங்கி வந்து நிற்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, சுமையைக் குறைப்பதற்காக இரண்டு லீற்றர் தண்ணீரை நிலத்தில் ஊற்றினேன். ஆச்சி பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. தாங்கி அன்று வரவில்லை. யார் அனுப்புவதாக இருந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. மற்ற நாட்களில் அவர்கள் கொடுத்த தண்ணீரையும் குடித்தவன்தான் நான்.

வள்ளியம்மன் ஆற்றுக்கு வந்தபோது என் போத்தல்களில் ஒரு மிடறும் இல்லை, ஆற்றிலும் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை மணல். நான் ஆற்றின் நடுவில் முழந்தாளிட்டுக் கையால் தோண்டத் தொடங்கினேன். ஆச்சி என்னைக் கடந்து, ஆறு வளைகிற இடத்தில், வெளிப்பக்கத்துக் கரையோரம் மர நிழலில் போய் நின்று கூப்பிட்டார். அங்கே மணல் சற்றுக் கறுத்திருந்தது. அருகில் அண்டாவைக் கவிழ்த்து எடுத்தது போல் ஒரு குழி, சுற்றிலும் யானையின் காற்சுவடுகள். "பெரியவர் முதலே பார்த்து வைச்சிருக்கார் மனே" என்று சொல்லிவிட்டு, அந்தக் குழிக்கு ஒரு முழம் தள்ளிச் சிரட்டையால் மணலை வாரினார். ஓரங்கள் சரியச் சரிய வாயை அகலமாக்கிக்கொண்டே போனார். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமானது, பின்னர் அடியில் பால் போல ஒரு கலங்கல் ஊறியது. நான் குனிந்தேன். "பொறு மனே, கலங்கினதைக் குடிச்சா வயிறும் கலங்கும்" என்று கையைத் தட்டிவிட்டு, மூன்று தடவை அந்த நீரை இறைத்து வெளியே ஊற்றினார். நான்காவது ஊற்று தெளிந்து வந்தது. முந்தானைத் துணியைப் போத்தல் வாயில் போட்டுச் சிரட்டை சிரட்டையாக வார்த்தார். ஒரு போத்தல் நிறைய அரை மணி நேரம் சென்றிருக்கும். பிறகு தன் மூட்டையிலிருந்து ஒரு சீலைக் கிழிசலை எடுத்து என் சப்பாத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார். கதிர்காமம் வரை அந்தக் கட்டுடன்தான் போனேன்.

இதை எழுதியவுடன் இரண்டு வகையினர் வருவார்கள் என்பது தெரியும். பக்தர் நடக்கும் வழியை உல்லாசப் பயணமாக்குகிறேன் என்று முதல் வகையினர் சொல்வார்கள். நான் விரதமிருந்தே போனேன். அத்துடன், சாமி கும்பிடாதவர் வேண்டுதலோடு நடப்பவருக்குத் தொந்தரவு செய்யாமல் நடந்தால் முருகனுக்கு என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வழி ஊடறுக்கும் குமண, யால தேசியப் பூங்காக்களுக்குள் கூட்டத்தை நடக்கவிடலாமா என்று கேட்கும் இரண்டாம் வகையினரிடம் எனக்கு வாதமில்லை. வழியெங்கும் கிடந்த பொலித்தீன் பைகளையும் போத்தல்களையும் பார்த்தவன் நான். எங்கள் குழு கொண்டுபோன குப்பையை நாங்களே திருப்பிச் சுமந்தோம். அதற்கு மேல் எனக்கு அதிகாரமில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது பிள்ளைகளுடன் நடக்க. காட்டுவழியில் சிறுவர்களும் நடக்கிறார்கள் என்பது உண்மை, ஆயினும் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளை முதல் தடவையே அதற்குள் இறக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களுக்குப் படுவான்கரையில் உள்ள தாந்தாமலை முருகன் கோயில் வழி போதும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் வாவியைக் கடப்பதற்குப் "பாதை" எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தைக் கும்பிட்டுவிட்டு மேற்கே நடந்தால், வயலும் குளமும் மேய்ச்சல் தரையும் கடந்து பாறைக் குன்றுகள் தலைகாட்டத் தொடங்கும். திருவிழாக் காலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக, பகலில் மட்டும் நடக்க வேண்டும். மாலை ஆனதும் அந்த வீதி யானைகளுக்கு உரியது. இதை மிகையாக எண்ண வேண்டாம், அங்கே வயலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் குடும்பிமலைக்கும் ஏறலாம். ஐந்நூறு மீற்றருக்குச் சற்று அதிகமான உயரம்தான், ஆனால் போர் நடந்த நிலம் என்பதால் மிதிபட்ட பாதையை விட்டு ஓரடியும் விலகாதீர்கள். பாடநூலில் கல்லோயாப் பள்ளத்தாக்கு என்று படித்தது எங்கள் பட்டிப்பளை ஆற்றின் பள்ளத்தாக்குத்தான். 1949 இல் தொடங்கிய திட்டத்தில் இங்கினியாகலையில் ஆற்றை மறித்து எழுந்த சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போய் யானை பார்க்கலாம், நடைக்கு அது உதவாது.

இவற்றையெல்லாம் கேட்ட பின்னும் காட்டுவழியேதான் வேண்டும் என்றால், விமானச் சீட்டை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி ஏறத்தாழ இரண்டு கிழமைகள் மட்டுமே உகந்தையில் காட்டுக் கதவைத் திறப்பார்கள். அந்த நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். திகதி அறிவித்த பின் பயணத்தை ஒழுங்கு செய்யுங்கள். உகந்தையில் பெயரைப் பதிந்துவிட்டு, ஏற்கெனவே நடந்து பழகிய ஒரு குழுவுடன் இறங்குங்கள். பழைய சப்பாத்தைப் போடுங்கள், ஒரு சிரட்டையும் எடுத்து வாருங்கள்.