அரசே கப்பல் கம்பெனி தொடங்கினால்: கேள்வி பதில்

கே: சார், அரசு கப்பல் நிறுவனம் தொடங்கினால் முதல் வேலை கப்பல் வாங்குவதுதானே?

இல்லை. முதலில் சரக்கு. தமிழ்நாடு அரசு 1974-இல் பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியபோது மின்வாரியத்தின் நிலக்கரி கண்முன்னே இருந்தது. வடக்கே கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களில் ஏற்றி, தமிழ்நாட்டில் இறக்க வேண்டும். இப்படி ஆண்டு முழுக்க ஓடும் சரக்குக்கு ஐந்து வருட ஒப்பந்தம் கையில் வந்த பிறகுதான் வங்கிக்கே போக வேண்டும். எத்தனை டன், டன்னுக்கு என்ன வாடகை, எண்ணெய் விலை ஏறினால் வாடகை எப்படி மாறும், இறக்கத் தாமதமானால் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணத்தை யார் கட்டுவது, நான்கும் அதில் இருக்க வேண்டும்.

கே: கன்டெய்னர் சர்வீஸில்தானே காசு?

அங்கே பெரிய கம்பெனிகள் வாடகையை அடித்து இறக்கினால் புதியவர் தாங்க மாட்டார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலுக்கு எதிராக வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, இலவசப் பயணத்துக்கே இறங்கி வந்தது. அட்டவணைப்படி ஓடும் சர்வீஸில் அந்த ஆபத்து இன்றும் இருக்கிறது. நீண்டகால நிலக்கரி ஒப்பந்தத்தில் அது மிகக் குறைவு.

கே: 50,000 டன் கப்பல் ஒன்று வருடத்துக்கு எவ்வளவு சரக்கு சுமக்கும்?

ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்திலிருந்து எண்ணூர் சுமார் 560 கடல் மைல். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் இரண்டு நாள். போக வர நான்கு, ஏற்ற இறக்க நான்கு, காத்திருப்பு இரண்டு, ஆக பத்து நாள். பழுதுபார்ப்புக்கு ஒதுக்கியது போக 340 நாள் என்றால் 34 நடை, 17 லட்சம் டன். நங்கூரத்தில் நடைக்கு மூன்று நாள் கூடுதலாகக் கிடந்தால் 26 நடைதான். 4 லட்சம் டன் போச்சு.

வேகத்தைக் கூட்டி இதை ஈடுகட்ட நினைக்க வேண்டாம். 14 நாட் வேகத்தில் ஓட்டினால் ஒரு பக்கத்துக்கு ஆறேழு மணி நேரம்தான் மிச்சம். ஆனால் நாளொன்றுக்கான எண்ணெய் ஏறக்குறைய 60 சதவீதம் கூடும். சரக்கு ஏற்றி இறக்கும் ஜெட்டியில் முன்னுரிமை கேட்டு வாங்குங்கள், அதுதான் லாபம்.

கே: புதுசா, பழசா?

10 வயதுக்குள் இருக்கும் பழையது போதும். 15 வயதில் வரும் ஸ்பெஷல் சர்வே எனும் முழுச் சோதனைக்கு முன்னால் விற்க வருகிறவரிடம் கவனம் தேவை. தகடு மாற்றும் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்க்கலாம். சமநிலைக்காகக் கடல் நீர் நிரப்பும் பேலஸ்ட் டேங்குக்குள் இறங்கி பெயின்ட்டைப் பாருங்கள். தகட்டுத் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். சரக்கறையை மூடும் ஹேட்ச் கவரை அல்ட்ராசோனிக்கில் சோதியுங்கள், அங்கே கடல் நீர் கசிந்தால் சரக்கு நஷ்டஈடு உங்கள் மேல் வரும். கப்பலைச் சோதித்துச் சான்று தரும் கிளாஸ் நிறுவனத்தின் ஆவணங்களில் நிலுவைக் குறிப்பு இருந்தால் விலையில் கழியுங்கள். முன்பணம் வழக்கமாக 10 சதவீதம், அதையும் வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பொதுவான கணக்கில்தான் போட வேண்டும்.

கே: கம்பெனி பதிவாகிவிட்டது. கப்பல் கிளம்பலாமா?

முடியாது. பாதுகாப்பு மேலாண்மைக்கான சான்றுகள் தேவை: கம்பெனிக்கு இடைக்கால டிஓசி வேண்டும் (12 மாதம்), கப்பலுக்கு இடைக்கால எஸ்எம்சி (6 மாதம்). பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவர் மேலிடத்தை நேரடியாக அணுகக்கூடியவராக இருக்க வேண்டும். நடுவில் நான்கு அதிகாரிகளைத் தாண்டித்தான் பேச முடியும் என்றால் ஆடிட்டில் மாட்டும். அனுபவம் இல்லையென்றால் முதல் மூன்று வருடம் மேலாண்மையை வெளி நிறுவனத்திடம் விடலாம். கானா 1957-இல் பிளாக் ஸ்டார் லைன் என்ற தன் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது இஸ்ரேலின் ஸிம் கப்பல் நிறுவனத்தைக் கூட்டாளியாக்கியது. இந்தியக் கப்பல் கழகமும் 1961-இல் வெறுங்கையோடு தொடங்கவில்லை. ஈஸ்டர்ன், வெஸ்டர்ன் என்று ஏற்கெனவே ஓடிய இரண்டு கழகங்களை இணைத்து 19 கப்பலோடு வந்தது.

கே: ஆட்கள்?

கப்பலில் 22 இடம் என்றால் சம்பளப் பட்டியலில் 33 பேராவது. மாற்று ஆள் இல்லாமல் யாரையும் இறக்க முடியாது. அரசு ஊதிய விகிதத்தைக் கொண்டுவந்தால் நல்ல சீஃப் இன்ஜினியர் நிற்க மாட்டார்.

கே: அரசு நிறுவனங்கள் எங்கே சறுக்குகின்றன?

உதிரிபாகக் கொள்முதலில். இன்ஜினுக்குள் எண்ணெய் பீய்ச்சும் ஒரு ஃப்யூயல் இன்ஜெக்டருக்கு மூன்று கொட்டேஷன் வாங்கி, கோப்பு மாடி ஏறி இறங்குவதற்குள் கப்பல் ஐந்து நாள் நங்கூரத்தில் கிடக்கும். அந்த ஐந்து நாள் வாடகையில் இன்ஜெக்டர் டஜன் கணக்கில் வாங்கலாம். ஆண்டு விலை ஒப்பந்தம் போட்டு வையுங்கள். குறிப்பிட்ட தொகை வரை கப்பலின் பராமரிப்பைக் கரையிலிருந்து பார்க்கும் சூப்பரின்டெண்டென்டே கையெழுத்திட அதிகாரம் கொடுங்கள். இதை முதல் போர்டு கூட்டத்திலேயே தீர்மானமாக்க வேண்டும், பழுது வந்த பிறகு கேட்டால் யாரும் கையெழுத்திட மாட்டார்கள்.