நான் எடுத்த படத்தை அனுமதியின்றி வெளியிட்டால் சட்டப்படி என்ன செய்யலாம்?

ஒரு படத்தை யார் நகலெடுக்கலாம், வெளியிடலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம்தான் பதிப்புரிமை. பொதுவாக அது படம் எடுத்தவருக்கே உரியது. கேமராவின் சொந்தக்காரருக்கு அல்ல. (சம்பளத்துக்கு எடுத்த படமென்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள், கதை மாறலாம்.) பதிப்புரிமைக்கென 1886இல் உருவான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் படம் எடுத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது, அதற்குப் பதிவு தேவையில்லை.

ஒரு வேலைக்கென அனுமதி வாங்கிவிட்டு வேறொன்றுக்குப் பயன்படுத்துவதும் மீறல்தான். குடியிருக்க வாடகைக்கு எடுத்த வீட்டை, உரிமையாளரைக் கேட்காமல் இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடுவதைப் போன்றது அது.

முதலில் ஆதாரம். இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். வெட்டித் திருத்தாத மூலக் கோப்பையும் பத்திரப்படுத்துங்கள். கடிதம் போன மறுநாளே பக்கம் மாயமாகிவிடலாம். பிறகு வெளியிட்டவருக்கு எழுதுங்கள்: படத்தை நீக்குங்கள், அல்லது கட்டணம் கொடுங்கள். தவறியவர் நிறுவனமென்றால் நான் கட்டணத்தையே கேட்பேன். பதில் இல்லையா? படம் ஏற்றப்பட்டுள்ள தளத்தை நடத்துபவர்களிடம் நீக்கக் கோரலாம். பல தளங்களில் இதற்கென்றே படிவம் இருக்கிறது. கடைசி வழி நீதிமன்றம்: தடையாணை, இழப்பீடு. அதற்கு முன் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் படம் எடுத்தவரல்ல, அதில் இருப்பவர் மட்டுமே என்றால், பதிப்புரிமை பெரும்பாலும் உதவாது. அந்தரங்க உரிமைச் சட்டத்தைத்தான் நாட வேண்டும். அது நாட்டுக்கு நாடு மாறும்.

“உங்கள் பெயரைப் போட்டிருக்கிறோமே” என்பார்கள். பெயர் போடுவது வேறு, அனுமதி பெறுவது வேறு.