சார்ட்டுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

அன்புள்ள ஐயா,

மும்பை செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு நான் செகரட்டரி. ஆண்டறிக்கையை வேர்டில்தான் தயாரிக்கிறேன். சொசைட்டிக் கணக்கு முழுவதும் ஒரே எக்செல் ஃபைலில் இருக்கிறது. ஒன்பது இனச் செலவுகளை அதில் முப்பரிமாண பை சார்ட்டாகப் போட்டு வேர்டில் ஒட்டுகிறேன். போன வருடம் ஆடிட்டர் எண்ணைத் திருத்தப் பார்த்தபோது, இணைத்த ஃபைல் கிடைக்கவில்லை என்று வந்தது. இந்த முறை மருமகன் சொல்லி எம்பெட் செய்தேன், அந்தத் தொல்லை போயிற்று. ஆனால் சார்ட்டே புரியவில்லை என்கிறது கமிட்டி. ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாத் துண்டும் ஒரே சாம்பல் நிறம். இன்னொரு சார்ட், ஒட்டியதும் ஒரு கீற்றாக மட்டும் தெரிகிறது. உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஃபைலைப் போடுவதற்குள் இதையெல்லாம் சரிசெய்ய வேண்டும். வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகர், செம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வேர்டு ஃபைலைக் குழுவில் போடாதீர்கள்.

எக்செல் சார்ட்டைக் காப்பி செய்து வேர்டில் சும்மா ஒட்டினால், வழக்கமாக அது லிங்க்காகத்தான் வந்து உட்காரும். படம் வேர்டில் இருக்கும், கணக்கு உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். ஆடிட்டர் 'எடிட் டேட்டா' அழுத்தியதும் வேர்டு கைவிரித்தது அதனால்தான். மருமகன் சொன்ன எம்பெட் அதற்குச் சரியான மருந்து. ஆனால் எம்பெட் செய்யும்போது அந்த எக்செல் ஃபைல் முழுவதும் வேர்டுக்குள் குடிபுகுந்துவிடுகிறது. சார்ட்டுக்கு வேண்டிய ஒன்பது எண்கள் மட்டுமல்ல, மறைத்து வைத்த ஷீட் உட்பட எல்லா ஷீட்டும். எந்த ஃபிளாட்டில் எத்தனை மாத மெயின்டனன்ஸ் பாக்கி என்பதும் அதே ஃபைலில்தானே இருக்கும்? குழுவில் யாராவது சார்ட்டை ரைட் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால் போதும். அப்புறம் ஜெனரல் பாடியில் உங்களை யார் காப்பாற்றுவது!

சந்தேகமாக இருந்தால், வேர்டு ஃபைலை ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள 'டாக்எக்ஸ்' என்பதை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். 'வேர்டு' ஃபோல்டருக்குள் 'எம்பெட்டிங்ஸ்' என்று ஒன்று இருக்கும். உங்கள் கணக்கு அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஒட்டும்போதே 'பிக்சர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வெறும் படமாக வந்துவிடும், உள்ளே எதுவும் ஒளிந்திருக்காது. ஆனால் ஒரு எண் மாறினாலும் மறுபடி ஒட்ட வேண்டும். எனக்குப் பிடித்த வழி வேறு. ஒன்பதே எண்கள்தானே, ஒட்டவே வேண்டாம். வேர்டிலேயே 'இன்சர்ட்', 'சார்ட்' என்று போனால் சின்ன எக்செல் கட்டம் ஒன்று திறக்கும். அதில் தட்டிவிடுங்கள். ஆடிட்டர் தாராளமாகத் திருத்தலாம், பாக்கிப் பட்டியல் பத்திரமாக இருக்கும். உறுப்பினர்களுக்கு எப்படியும் பிடிஎஃப் ஆக மாற்றியே அனுப்புங்கள். வேர்டிலிருந்து அப்படிச் சேமித்தால் எக்செல் கூடவே போகாது.

இனி பை சார்ட். 1801-இல் வில்லியம் பிளேஃபேர் அதை அச்சில் கொண்டுவந்தார். அவரே 1786-இல் பார் சார்ட்டும் போட்டிருந்தார், அதோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் கட்சி. 1984-இல் கிளீவ்லேண்ட், மெக்கில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே கோட்டிலிருந்து கிளம்பும் நீளங்களை ஒப்பிடுவதைவிட, கோணங்களை ஒப்பிடுவதில் நம் கண் அதிகம் தவறுகிறது. நீங்கள் அதை முப்பரிமாணமாக வேறு சாய்த்திருக்கிறீர்கள். சாய்த்தால் முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகத் தெரியும். லிஃப்ட் ரிப்பேர் முன்னால் வந்து, தண்ணீர் டேங்கர் பின்னால் போய்விட்டால், கூட்டம் முழுக்க லிஃப்டைப் பற்றியே சண்டை நடக்கும்.

படுக்கைவாட்டுப் பார் சார்ட் போடுங்கள். 'பொது இடங்களின் மின்கட்டணம்' போன்ற நீளமான பெயர்கள் கழுத்தைத் திருப்பாமல் படிக்கக் கிடைக்கும். கட்டத்தில் பெரிய செலவை முதலில் எழுதினால் சார்ட்டில் அது அடியில் போய் நிற்கும். வேர்டின் குணம் அது. செலவுப் பெயர்கள் நிற்கும் அச்சின் 'ஃபார்மட் ஆக்ஸிஸ்' பகுதியில் 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' என்பதை டிக் செய்தால் மேலே வந்துவிடும். எல்லாப் பாருக்கும் ஒரே கருநிறம், நுனியில் ரூபாய், பக்கத்து வண்ண விளக்கமும் பின்னணிக் கோடுகளும் வேண்டாம். ஜெராக்ஸ் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

மாதாந்திர வசூலுக்கும் பார் சார்ட் போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எண்கள் நெருக்கமாக இருந்தால் வேர்டு தானாகவே அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் விட்டுவிடும். நாலே முக்கால் லட்சத்துக்கும் ஐந்து லட்சத்துக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரியும். 'மினிமம்' என்ற இடத்தில் 0 என்று நீங்களே போட்டுவிடுங்கள். லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் மில்லியன் கணக்கில் கமா விழுந்தால், விண்டோஸ் 'ரீஜன்' அமைப்பில் இங்கிலீஷ் இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள்.

கீற்றாகத் தெரியும் சார்ட்டுக்கு ஒரு வரிதான் பதில். அது நிற்கும் பத்தியின் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருக்கும், 'சிங்கிள்' ஆக்குங்கள். தலைப்பு ஒரு பக்கமும் சார்ட் மறுபக்கமும் பிரிந்து போனால், தலைப்பு வரிக்கு 'கீப் வித் நெக்ஸ்ட்' கொடுங்கள்.