அப்சோர்பர் மாற்றியும் போகாத 'டொக் டொக்': பிக்கப்பின் முன்பக்கச் சத்தத்தை எங்கே தேடுவது?

கேள்வி: அண்ணே, நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். என்னுடையது 2014 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், ஃபோர்-பை-ஃபோர். 2 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. டுரியான் பருவத்தில் வாரத்துக்கு மூன்று தடவை பினாங்குத் தீவிலுள்ள பாலிக் பூலாவ் போய்ப் பழம் ஏற்றி வருவேன். தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) மெதுவாகப் போகும்போது இடது முன்சக்கரப் பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறது. இரண்டு மாதத்துக்கு முன்பு முன் அப்சோர்பர் இரண்டையும் மாற்றினேன், சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போது சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆர்ம், அப்பர் ஆர்ம், முன்சக்கரங்களைத் திருப்பும் தண்டான டை ராட் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், தம்பி. சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிபட்ட சொல் 'மெதுவாக' என்பதுதான். அப்சோர்பர் செத்துப்போனால் வண்டி பொங்கோல் மேட்டில் (வேகத்தடையில்) ஏறி இறங்கியபின் இரண்டு மூன்று தடவை ஆடும், வேகத்தில் மிதக்கும். மெதுவான ஓட்டத்தில், சின்னச் சின்னப் பள்ளத்தில் வரும் டொக் டொக்குக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டெபிலைசர் லிங்கை. இடது, வலது சக்கரங்களை இணைக்கும் வளைந்த கம்பியின் முனையில் இருக்கும் சின்னத் தண்டு அது. ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும், லிங்கின் பந்து மூட்டு தேய்ந்திருந்தால் அங்கே தட்டும். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி சும்மா சுழலும், லிங்குக்கு அவ்வளவாக வேலை இல்லை.

இதைப் பார்க்க உங்களுக்குப் பினாங்குப் பாலமே போதும். பாலத்தின் இணைப்பு இடைவெளிகளில் இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் இறங்கும். அங்கே சத்தம் இல்லை, ஒட்டுப்போட்ட தாமான் சாலையில் மட்டும் தட்டுகிறது என்றால் லிங்க் மீது சந்தேகம் பலமாகிறது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இடிக்கிறது என்றால் அப்சோர்பரின் மேல் மவுண்டிங், ஆர்ம் புஷ் (ஆர்மின் உள்முனையில் இருக்கும் ரப்பர்), பால் ஜாயிண்ட் (ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பந்து மூட்டு) பக்கம் போக வேண்டும்.

லிங்கைக் கையால் ஆட்டிப் பார்ப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. அனுபவமுள்ள போர்மேன்கள்கூட (மெக்கானிக்குகள்கூட) இதில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் ஜேக் வைத்துத் தூக்கிவிட்டு லிங்கைப் பிடித்து ஆட்டுவார்கள், ஆடாது. 'நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் தூக்கினால் கம்பி முறுக்கேறி லிங்கை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. தேய்ந்த மூட்டு என்றாலும் அந்த இழுப்பில் ஆடுமா? நான்கு சக்கரமும் தரையில் சமமாக நிற்கட்டும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, எஞ்சினை நிறுத்தி, சக்கரத்தின் பின்னால் கையை விட்டு லிங்கை நன்றாக அசையுங்கள். தேய்ந்திருந்தால் விரலுக்கே 'டிக்' என்று தெரியும்.

இன்னும் உறுதி வேண்டுமா? வண்டி சமமாக நிற்கும்போதே இரண்டு பக்க லிங்கையும் கழற்றிவிட்டு, தாமானுக்குள் மட்டும் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று வாருங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி லிங்க் அல்லது அந்தக் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ். லிங்க் இல்லாமல் வளைவில் வண்டி அதிகம் சாயும், அதனால் அப்படியே பாலிக் பூலாவ் கிளம்பிவிடாதீர்கள். முன்பக்கத்தில் விலை குறைந்த சாமான்களில் இதுவும் ஒன்று. மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

லிங்கிலேயே முடிந்துவிட்டாலும் லோவர் பால் ஜாயிண்டைப் பார்க்காமல் விடாதீர்கள். லிங்க், புஷ் போன்றவை பெரும்பாலும் சத்தத்தோடு நிற்கும். இது கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி முன்பக்கம் விழும். உங்கள் வண்டியில் சுருள் ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் லோவர் ஆர்ம் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே முன்பக்கப் பாரம் கீழ் பால் ஜாயிண்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் மூட்டில் தேய்மானம் தெரியாது.

ஜேக்கை லோவர் ஆர்முக்குக் கீழே, பால் ஜாயிண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்துத் தூக்குங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டும் வைத்த பிறகுதான் அடுத்த வேலை. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். டயருக்குக் கீழே கடப்பாரை கொடுத்து மேலே நெம்புங்கள். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் பால் ஜாயிண்டில் விரல் வைத்துப் பார்ப்பது நல்லது. ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் அது சக்கர பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது தட்டினால் டை ராட் எண்டு அல்லது அதற்கு உள்ளே இருக்கும் ரேக் எண்டு. ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸுக்குப் பதில் செம்மண் சேறு தெரிந்தால் ஆட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தோட்டப் பாதையில் ஓடும் வண்டிக்கு அந்த மூட்டின் ஆயுள் முடிந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்சோர்பர் புதிது என்பதால் அது சரியாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். புது அப்சோர்பரைப் பழைய மேல் மவுண்டிங்கிலேயே மாட்டியிருக்கலாம். ரப்பரும் வாஷரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம், உச்சி நட்டு முழுதாக இறுகாமலும் இருக்கலாம். பானட்டைத் திறந்து, ஒருவர் முன்பக்கத்தை அழுத்தி ஆட்ட, இன்னொருவர் மேல் மவுண்டிங்கில் உள்ளங்கையை வைக்கட்டும். தட்டுவது கைக்குத் தெரியும்.

அடுத்து ஆர்ம் புஷ். துன் சார்டோன் மலைச்சாலை வளைவுகளில் பழத்தை ஏற்றிக்கொண்டு பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கும் வண்டிக்கு இந்த ரப்பர்தான் அடி வாங்கும். காலியான இடத்தில் மெதுவாக முன்னே போய் பிரேக் பிடியுங்கள், பிறகு பின்னே வந்து பிரேக் பிடியுங்கள். திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு 'டக்' என்றால் லோவர் ஆர்ம் புஷ்ஷைச் சந்தேகப்படலாம். மேடு பள்ளத்தில் போகும்போது பிரேக்கை லேசாகத் தொட்டதும் கடகடப்பு நின்றுவிட்டால் அது சஸ்பென்ஷனே இல்லை. பிரேக் பேட் கிளிப்போ கேலிப்பர் பின்னோ தளர்ந்திருக்கிறது.

புஷ் மாற்ற நேர்ந்தால் இதை வேலை செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஆர்ம் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது, வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கினால் ரப்பர் அந்த நிலையில் பிடிபட்டுவிடும். வண்டியை இறக்கியதும் எந்நேரமும் முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். நான் தொழில் பழகிய காலத்தில் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்து வண்டி ஒன்றுக்கு இதே தவறைச் செய்தேன். சில மாதத்தில் அதே சத்தத்தோடு வண்டி திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால் புது ரப்பர் நடு உருளையைச் சுற்றிப் பிறை மாதிரி கிழிந்திருந்தது. அந்த முதலாளியிடம் இரண்டாம் தடவை கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஆர்ம் போல்ட்டில் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) சரிசெய்யும் வட்டத்தட்டு இருக்கும். கழற்றும் முன் அதன் நிலையைப் பெயிண்டால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், முடிந்ததும் அலைன்மெண்ட் கட்டாயம். கடல் காற்று படும் வண்டி என்பதால் அந்த போல்ட் உருளையோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றால் புது போல்ட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கீச் கீச் என்ற சத்தம் வேறு கதை. மழையில் காணாமல் போய் வெயிலில் திரும்பி வந்தால் அது காய்ந்த ரப்பர். ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வண்டியை அமுக்கிப் பாருங்கள், எதில் நிற்கிறதோ அதுதான். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், சிலிகான் கிரீஸ் போதும். அப்புறம், வண்டிக்கு அடியில் இருக்கும் தகட்டுக் கவசத்தின் போல்ட்டுகளையும், சீட்டுக்குப் பின்னால் ஜேக் கட்டியிருக்கும் இடத்தையும் ஒருமுறை கையால் அசைத்துவிடுங்கள். கேபினைச் சேசிஸ் மேல் தாங்கும் ரப்பர் நைந்தாலும் முன்சக்கரத்தில் இடிப்பது போலவே கேட்கும்.

மொத்தமாக மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். மேலே சொன்னதில் எது ஆடுகிறது என்று உங்கள் கண்முன்னே ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் மாற்றலாம். ஹாஃப்-கட் கடையில் (பழைய வண்டிச் சாமான் கடையில்) ஆர்ம் எடுப்பதானால், வளையாத, துரு அரிக்காத ஆர்மாகப் பார்த்து எடுங்கள். புஷ்ஷும் பால் ஜாயிண்டும் புதிதாகப் போட வேண்டும். லோவர் பால் ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தால், அது மாறும்வரை ஒரு கூடைப் பழம்கூட ஏற்றாதீர்கள்.