முதலில் காதைப் பாருங்கள்: வாசகர் கேள்விகள்

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் திக்கித் திக்கிப் படிக்கிறான். வாய்விட்டுப் படிக்கச் சொல்வதை நிறுத்திவிடலாமா? (ஆசிரியை, திண்டுக்கல்)

அவனையே தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பக்கத்துப் பையனோடு ஒரே குரலில் படிக்கும்போது திக்கல் பெரும்பாலும் விட்டுப்போகும், அதில் தொடங்கலாம். வருகைப்பதிவில் 'உள்ளேன்' சொல்வதே சில பிள்ளைகளுக்குக் கண்டம். கை தூக்கினால் போதும் என்று விடுங்கள். வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். 'மெதுவாப் பேசு' என்பதும் வேண்டாம்.

என் மகனுக்குப் பேச்சு சரியில்லை. என்ன செய்வது?

வயது என்ன? பேசவே இல்லையா, பேசுவது புரியவில்லையா, திக்குகிறானா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எதைச் சொல்ல? எல்லாருக்கும் பொருந்துவது ஒன்றுதான்: முதலில் செவித்திறன் பரிசோதனை.

யூகேஜி படிக்கும் மகள் 'ரயில்' என்பதை 'யயில்' என்கிறாள். நாக்குக்கு அடியில் உள்ள சதையை வெட்டச் சொல்கிறார்கள் உறவினர்கள்.

வெட்ட வேண்டாம். ஐந்து வயதில் ரகரம் தெளியாதது சகஜம். ழகரம் அதற்கும் பிந்தும். நாக்கில் வசம்பு தேய்ப்பது, கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசவைப்பது எதுவும் கூடாது. கல் தொண்டையில் அடைத்தால் என்ன செய்வீர்கள்? ஏழு வயதிலும் நீடித்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

மகனுக்கு நான்கரை வயது. இரண்டு சொல் சேர்த்துத்தான் பேசுகிறான். காது நன்றாக இருக்கிறது. வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறது பள்ளி. (கோவை)

காதைப் பார்த்துவிட்டு எழுதியதற்கு நன்றி. பள்ளி சொன்னதைக் கேட்காதீர்கள். மாதம் நான்கைந்து பெற்றோராவது இதே அறிவுரையோடு என்னிடம் வருகிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். ஒன்றைப் பிடுங்கிக்கொள்வதால் அது போகாது. போவது வீட்டுப் பேச்சுதான். ஆங்கிலம் தடுமாறும் அம்மா 'கம்', 'சிட்', 'ஈட்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஆத்தாவிடம் கதை கேட்பது நின்றுபோகும். சொல் பற்றாத பிள்ளைக்கு வீட்டில் காதில் விழுவதையும் குறைத்தால் எங்கிருந்து பேச்சு வரும்? இப்படி இரண்டு வருடம் வீட்டில் தமிழே கேட்காமல் வந்த சிறுமிக்கு ஆங்கிலமும் வந்திருக்கவில்லை. அவள் அம்மா அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. சோறு பிசையும்போதும், குளிப்பாட்டும்போதும், கடைக்குப் போகும்போதும் தமிழிலேயே பேசுங்கள். 'பால் வேணும்' என்றால், 'சூடா பால் வேணுமா, டம்ளர்ல ஊத்தட்டுமா?' என்று நீட்டிச் சொல்லுங்கள். திருப்பிச் சொல் என்று வற்புறுத்த வேண்டாம். நான்கரை வயதுக்கு இரண்டு சொல் குறைவுதான். பயிற்சியை இந்த மாதமே தொடங்குங்கள்.

மூன்றாம் வகுப்புப் பையன். 'நோட்டை மூடி, புத்தகத்தை எடுத்து, இருபதாம் பக்கம் திற' என்றால் நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். கவனக்குறைவா?

அப்படி முடிவு கட்டாதீர்கள். முதலில் காது. சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தாலே கேட்பது மங்கும். காது சரியாக இருந்தால் மொழி வளர்ச்சிக் குறைபாடா, அதாவது சொல்வதைப் புரிந்துகொள்வதிலோ சொற்களைக் கோத்துப் பேசுவதிலோ வயதுக்குப் பின்தங்குகிறானா என்று பார்க்க வேண்டும். முப்பது பேர் வகுப்பில் சுமார் இருவருக்கு இது இருக்கும்; பேச்சு தெளிவாக இருப்பதால் யார் கண்ணிலும் படாது. ஒரு சமயத்தில் ஒன்று மட்டும் சொல்லுங்கள், பலகையில் எழுதுங்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். என்ன செய்யப்போகிறாய் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகுங்கள்.

வீட்டில் வாயாடி, பள்ளியில் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அடம் இல்லை, பயம். மிட்டாய் காட்டியும் மிரட்டியும் பேசவைக்காதீர்கள். பிடித்த ஒரு தோழியோடு, ஆளில்லாத வகுப்பறையில் விளையாடவிட்டுத் தொடங்குங்கள்.