தூண்டில் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வசந்த காலப் பிற்பகலில் ட்ரவுட் மீன் வாழும் ஆற்றில் சாம்பல் இறக்கை கொண்ட சின்னப் பூச்சிகள் மொய்க்கின்றன. மீன்களும் மேலே வந்து தின்கின்றன. ஆனால் என் 14ஆம் எண் டிரை ஃப்ளையை (நீர்மேல் மிதக்கும் செயற்கைப் பூச்சித் தூண்டில்) சீண்டுவதே இல்லை. ஏன்?

பதில்: நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பேட்டிஸ் என்ற மேஃப்ளை (நீரில் வளர்ந்து, மேலே வந்து பறக்கும் பூச்சி). அதற்கு 14 மிகப் பெரிது (எண் கூடக் கூட முள் சிறுக்கும்). 18 அல்லது 20 கட்டுங்கள். ஆனால் கோளாறு அளவோடு முடிவதில்லை. மீன் எழும் விதத்தைக் கவனியுங்கள். மூக்கு தெரிந்து, வளையத்தின் நடுவில் நீர்க்குமிழி நின்றால், மேலே மிதக்கும் பூச்சியைத்தான் எடுக்கிறது. முதுகு மட்டும் புரண்டு குமிழி இல்லையென்றால், நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே தோல் உரித்துக்கொண்டிருக்கும் பூச்சியைத் தின்கிறது. குளிரில் உரிப்பதற்கு நேரம் பிடிக்கும். பாதியில் சிக்கியது தப்பிப் பறக்காது. மீனுக்கு அதைவிட எளிய இரை ஏது?

ஆகவே டிரை ஃப்ளையின் முள் வளைவில் 40 செ.மீ. 6எக்ஸ் டிப்பெட்டை (மெல்லிய நுனி நூல்) முடிந்து, நுனியில் 20ஆம் எண் எமெர்ஜரை (தோல் உரிக்கும் பூச்சியைப் போன்ற தூண்டில்) கட்டுங்கள். மிதவைப் பசையை டிரை ஃப்ளைக்கு மட்டும் தடவுங்கள். டிப்பெட்டில் பட்டால் எமெர்ஜர் அமிழாது. மேலே மிதப்பது சட்டென நின்றாலோ அமிழ்ந்தாலோ கோலை மெல்ல உயர்த்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் 6எக்ஸ் அறுந்துவிடும். இவ்வளவு செய்தும் தொடாவிட்டால், நீரோட்டம் நூலை இழுத்து தூண்டில் பூச்சியைக் கோணலாக நகர்த்துகிறதா என்று பாருங்கள். மீனுக்கு மேற்புறம் சாய்வாக நின்று, நூலைத் தளர்த்திக் கீழ்நோக்கி வீசினால் அந்த இழுப்பு குறையும்.

கேள்வி: எந்த நேரத்தில் போகலாம்?

பதில்: நாட்காட்டியை நம்பாதீர்கள், வெப்பமானியை நம்புங்கள். ஓடும் நீரில், நிழலில், இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். 7 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பேட்டிஸ் கிளம்பத் தொடங்கும். 10ஐ ஒட்டி கேடிஸ் என்ற வேறு நீர்ப்பூச்சி வகைகளும் சேரும். மேகமூட்டமும் தூறலும் நமக்கு நல்லவை: இறக்கை காயத் தாமதமாவதால் பூச்சி நெடுநேரம் மிதக்கும். பனி உருகி வரும் ஆறுகளில் மட்டும் எச்சரிக்கை. வெயில் ஏறியபின் குளிர்ந்த கலங்கல் நீர் இறங்கி எல்லாவற்றையும் நிறுத்திவிடும்; அங்கே அதற்கு முன்பே வீசிவிடுங்கள்.

கேள்வி: கலங்கலில் என்ன செய்வது?

பதில்: கரையோர மெல்லோட்டத்தில், 6ஆம் எண் கறுப்பு ஸ்ட்ரீமரை (சிறு மீனைப் போலக் கட்டிய தூண்டில்) அடியை ஒட்டி மெதுவாக இழுங்கள். முழங்கால் ஆழத்தில் பாதமே தெரியாவிட்டால் ஆற்றில் இறங்க வேண்டாம்.